வால்டேர் வீட்டில் வால்டேர் இல்லை

மே 22, வியாழன்

ஃபெர்னேக்கு வந்தது இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே வாழ்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்காக இல்லை, வாடகைக்காக. ஜெனீவாவில் பயிற்சி நேற்றோடு முடிந்தது, அலுவலகம் போட்டுக் கொடுத்த அறையும் நேற்றோடு முடிந்தது, விமானமோ திங்கட்கிழமைதான். நடுவில் நாலு ராத்திரி கைக்காசில் தங்க வேண்டும், ஜெனீவாவில் ஒரு ராத்திரிக்கு அவர்கள் கேட்ட காசில் புதுச்சேரியில் ஒரு மாதம் குடித்தனம் நடத்திவிடலாம். பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் சொன்னார், பஸ் ஏறி எல்லையைத் தாண்டிவிடு, அந்தப் பக்கம் பிரான்சு, காசு பாதிதான் ஆகும் என்று.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லைச் சாவடியில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடவுச்சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் தலைக்கு மேல் விமானம், அவ்வளவு தாழ்வாக. ஜெனீவா விமான நிலையம் ஊருக்கு ஒட்டின மாதிரி இருக்கிறது. நாலு நாளும் தூங்கின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜன்னல் திறக்காது, கட்டில் கிறீச்சிடும், கதவு அட்டை மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டு ஃபெர்னே-வால்டேர் என்ற ஊரில் தங்கியிருக்கிறேன் என்றேன்.

"எங்க? ஃபெர்னேயா?" குரல் மாறிவிட்டது. "லாலிக்காக எழுதின ஆளோட ஊரும்மா அது! நீ பாட்டுக்கு ஓட்டல் வாடகையப் பத்திப் பேசுற."

அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாண்டிச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தொகுதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படிப்பார், படித்ததைக் காலையில் காபியோடு எங்களுக்குச் சொல்லுவார். 1740களில் அரிசி என்ன விலை என்று அவருக்குத் தெரியும், இன்றைக்கு என்ன விலை என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். பாண்டிச்சேரியை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்த பிரெஞ்சுத் தளபதி லாலி என்றால் அவருக்கு இரத்தம் கொதிக்கும். அந்த லாலிக்காக ஒருவர் எழுதினார் என்பதில் ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன், "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

சாப்பிட எதாவது கிடைக்குமா என்று வெளியே வந்தவள் சிலையில் முட்டிக்கொண்டு நின்றேன். வெண்கலத்தில் ஒரு கிழவர், வால்டேர்தான். எமில் லம்பேர் என்ற சிற்பி செய்தது, 1890இல் ஊருக்குக் கொடுத்தது. பீடத்தில் கவிதை, நாடகம், தத்துவம் என்று எதாவது பொறித்திருக்கும் என்று பார்த்தால், 'ஃபெர்னேயின் உபகாரி' என்று போட்டு ஒரு கணக்கு: நூற்றுக்கு மேல் வீடு கட்டினார், தேவாலயம் கொடுத்தார், பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீர்த்தொட்டி, குழாயடி கொடுத்தார். நம் கோயில்களில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' எழுதியிருக்குமே, அதே வாசனை. சிரிப்பு வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது.

மே 23, வெள்ளி

காலையில் தூறல். வால்டேர் இருந்த மாளிகை ஊரை விட்டுக் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம். இங்கே ஷத்தோ என்று சொன்னால் கோட்டை மாதிரி கோபுரமும் அகழியுமாக எதிர்பார்க்கக் கூடாது. அப்படி ஒரு பழைய கோட்டை வீடு இங்கே இருந்ததுதான், வாங்கின கையோடு வால்டேர் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். நடுப்பகுதி முதலில் எழுந்தது, விருந்தாளிகள் கூட்டம் தாங்காமல் 1765, 66 வாக்கில் லியோனார் ராக்கிள் என்ற கட்டடக் கலைஞரை வைத்து இரண்டு பக்கமும் நீட்டினார். மஞ்சள் பூச்சு, சாம்பல் கூரை, வரிசையாக உயரமான ஜன்னல்கள். அழகான வீடு, ஆனால் பிரமாதப்படுத்தும் வீடு இல்லை. வசதியாக இருக்க ஆசைப்பட்ட ஒரு பணக்காரக் கிழவரின் வீடு.

1758 கடைசியில் பேச்சு முடித்து 1759 தொடக்கத்தில் கிரயம் செய்தபோது அவருக்கு வயது 64. பத்திரம் அக்கா மகள் மதாம் தெனி பெயரில். வீட்டை ஆண்டதும் அந்த அம்மாள்தான், அவருக்கு மனைவி மாதிரி இருந்ததும் அந்த அம்மாள்தான். நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது சாதாரணம், அங்கே அது வாயைத் திறந்து சொல்ல முடியாத விஷயம், அதனால் கடைசிவரை இருவரும் சொல்லவே இல்லை.

ஏன் இந்த மூலையில் வந்து வாங்கினார் என்பதுதான் இந்த இடத்தின் சூட்சுமம். பாரிஸில் அரசர் 15ஆம் லூயிக்கு இவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. பிரஷ்ய அரசர் ஃபிரெடரிக்கிடம் போய் இருந்து, சண்டை போட்டுக்கொண்டு 1753இல் வெளியே வந்தாயிற்று. ஜெனீவாவில் 'தெலிஸ்' என்று ஒரு வீட்டைப் பிடித்து 1755இலிருந்து இருந்தார், அங்கே பாதிரிமார்களுக்கு நாடகம் ஆகாது, இவருக்கு நாடகம் இல்லாமல் ஆகாது. சரி, எல்லைக்கோட்டு ஓரமாக பிரான்சுக்குள் ஒரு பண்ணை. பிரான்சுக்காரன் பிடிக்க வந்தால் ஜெனீவாவுக்கு ஓடலாம், ஜெனீவாக்காரன் முறைத்தால் இங்கே இருந்துகொள்ளலாம். தத்துவம் பேசுகிறவனுக்குத் துரத்துகிற நாய்களிடமிருந்து தப்ப நிலத்துக்கடியில் இரண்டு மூன்று வளையாவது வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். எலி வளையானாலும் தனி வளை என்பது நம் கணக்கு. இவர் கணக்கில் ஒரு வளை போதாது. பக்கத்திலேயே தூர்னே என்ற இன்னொரு பண்ணையையும் ஆயுள் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார்.

தூர்னே கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதன் சொந்தக்காரர் திழோன் நீதிமன்றத் தலைவர் தெ பிரோஸ், பெரிய படிப்பாளி. குத்தகைக்கு எடுத்த பிறகு 14 கட்டு விறகுக்கு யார் பணம் கொடுப்பது என்று இருவருக்கும் தகராறு. ஐரோப்பாவின் பெரிய பணக்கார எழுத்தாளரும் ஒரு நீதிபதியும், விறகுக்கு! கடிதம் மேல் கடிதம். பத்து வருஷம் கழித்து, 1770இல், தெ பிரோஸ் பிரெஞ்சு அகாதெமியில் சேரப் பார்த்தபோது வால்டேர் ஆள் பிடித்து அதைத் தடுத்தார். விறகை மறக்கவே இல்லை. இந்த மனிதரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது இங்கேதான், நியாயமாகப் பார்த்தால் பிடிக்காமல் போயிருக்க வேண்டும்.

உள்ளே போனால் தரைத்தளத்தில் வரிசையாக அறைகள். நாலைந்து பேர்தான் இருந்தோம், வழிகாட்டிப் பெண் நிதானமாகப் பேசினார், என் புதுச்சேரிப் பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்கு அது பெரிய உபகாரம். 1999இல் அரசாங்கம் வாங்கியது, பிறகு வருஷக்கணக்கில் மூடி வைத்து, கூரை முதல் பழுது பார்த்து, 2018 மே 31இல் அதிபர் மக்ரோன் வந்து திறந்தார். வேலை சுத்தம். பட்டுச் சுவர்கள் புதுசு மாதிரி மினுங்குகின்றன. மினுங்குவதில்தான் எனக்கு ஒரு சின்னக் குறை, யாரோ நேற்றுக் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இல்லை, நாளைக்குக் குடிவரப் போகிற வீடு மாதிரி இருக்கிறது.

படங்கள் இருக்கின்றன. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனின் முகம், லியோன் நெசவுக்காரர் லாசால் பட்டில் நெய்தது. கிட்டே போய்ப் பார்த்தேன், கன்னத்தின் வளைவுக்கு நிழலை நூலாலேயே கொண்டுவந்திருக்கிறார்கள், தறியில் இது எப்படி முடிந்தது என்று அங்கேயே நின்றுவிட்டேன், வழிகாட்டி இரண்டு அறை தள்ளிப் போய்விட்டார், ஓடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

வால்டேர் தன் கட்டிலருகே மாட்டி வைத்திருந்த படம் வேறு. காலாஸ் குடும்பத்தின் படம். ழான் காலாஸ், துலூஸில் துணி வியாபாரி, கத்தோலிக்க ஊரில் புராட்டஸ்டண்ட். மூத்த மகன் வீட்டிலேயே இறந்து கிடந்தான், மதம் மாறப் போனான் என்று அப்பனே கொன்றுவிட்டான் என்று ஊர் சொன்னது, நீதிமன்றமும் சொன்னது. 1762 மார்ச் 10இல் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். முதலில் வால்டேரும் நம்பத்தான் பார்த்தார். பிறகு விசாரித்தார், கேட்கக் கேட்கச் சந்தேகம் வந்தது, இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்று வருஷம் அரண்மனைக்கும் வக்கீல்களுக்கும் எழுதி எழுதித் தள்ளினார். 1765 மார்ச் 9இல் காலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. சரியாக மூன்று வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு. செத்தவருக்கு விடுதலை. அதன் பிறகுதான் அந்தப் படம் அச்சானது: ஒருவர் ஒரு காகிதத்தைப் படிக்க, விதவையும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தினம் தூங்கி எழும்போது பார்க்க அவர் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் அவர் இல்லை. கவித்துவமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். 1778 பிப்ரவரியில் பாரிஸுக்குப் போனவர் திரும்பவில்லை, மே 30இல் அங்கேயே இறந்தார். பாரிஸில் அடக்கம் செய்ய விடமாட்டார்கள் என்று உடலை இரவோடு இரவாக ஷாம்பேன் பக்கம் ஒரு மடத்துக்குக் கொண்டுபோனார்கள், 1791இல் அங்கிருந்து பாரிஸில் பெரிய மனிதர்களை அடக்கம் செய்கிற பாந்தியோனுக்கு. கிட்டத்தட்ட 7,000 புத்தகங்களை மதாம் தெனி கத்தரீனுக்கு விற்றார், ஓரத்தில் அவர் கிறுக்கிய குறிப்புகளோடு அவை இன்றைக்கும் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கத்தரீன் அதோடு விடவில்லை, இதே வீட்டை ரஷ்யாவில் கட்டப் போகிறேன் என்று மரத்தில் மாதிரியும் செய்து வாங்கினார், வீடு எழவில்லை, மாதிரி மட்டும் அங்கே இருக்கிறது. மாளிகையை வாங்கிய மார்க்கி தெ வில்லெத் என்பவர் இதயத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து ஒரு நினைவுச் சின்னம் வைத்தார், 'இவர் ஆவி எங்கும் இருக்கிறது, இதயம் இங்கே இருக்கிறது' என்று எழுதி. அந்தச் சின்னம் இங்கேயே இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. இதயம் இல்லை. அது பாரிஸ் தேசிய நூலகத்தில், ஊதோன் என்ற சிற்பி செய்த அவர் சிலையின் அடிப்பீடத்துக்குள்.

உடல் ஓர் இடம், இதயம் ஓர் இடம், புத்தகம் ஓர் இடம். நுழைவுச் சீட்டு மட்டும் இங்கே என்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "நல்லாத் தேடிப் பாரு" என்றார், எதை என்று சொல்லவில்லை.

மே 24, சனி

சனிக்கிழமை ஊர்ச் சந்தை. ஜன்னல் திறக்காவிட்டாலும் சத்தம் வந்துவிட்டது, எட்டரைக்கெல்லாம் இறங்கிவிட்டேன். கடைத்தெரு முழுக்கக் கொட்டகைகள். ஆலிவ், செர்ரி, ரொட்டி, வறுத்த கோழி, ஆப்பிரிக்கத் துணி, வியட்நாமியப் பலகாரம். ஐக்கிய நாடுகள் சபையில் வேலை செய்கிற நிறையப் பேர் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்களாம், நாலு அடிக்கு ஒரு பாஷை கேட்கிறது.

ஒரு பாலாடைக்கட்டிக்காரர் முன்னால் மாட்டிக்கொண்டேன். இந்த வட்டாரத்துக்குப் பெயர் ஜெக்ஸ், இங்கேயும் ஜூரா மலை மேலும் செய்கிற நீல நரம்போடிய கட்டிக்கு 'ப்ளூ தெ ஜெக்ஸ்' என்று பெயர். கத்தியில் ஒரு கீற்று வெட்டி நீட்டினார். வெள்ளை உடம்பில் பச்சை நீலமாக நரம்பு ஓடுகிறது, விரலில் தொட்டால் மெழுகு மாதிரி, மூக்கருகே கொண்டுபோனால் மழைக்காலத்து மரப்பீரோவைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. வாயில் போட்டதும் லேசான கசப்பு, பின்னாலேயே பால் இனிப்பு. முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்தார். அரைக் கிலோ வாங்கிவிட்டேன். அப்பாவுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், அப்பா பால்கோவாவைத் தவிர எதையும் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சந்தையைத் தாண்டி நடந்தபோது நேற்றைய எரிச்சல் மெல்லக் கரைந்தது. வால்டேர் வந்தபோது இந்த ஊரில் 150 பேர்கூடத் தேறவில்லை, சுற்றிலும் சதுப்பு. இறக்கும்போது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. சதுப்பை வடிய வைத்தார், தெருவுக்குக் கல் பாவினார், வீடு கட்டி வட்டிக்கும் தவணைக்கும் விட்டார். இப்போது ரியல் எஸ்டேட் என்று சொல்வோமே அதுதான், ஆனால் நஷ்டத்துக்கும் துணிந்த ரியல் எஸ்டேட். அந்தப் பழைய வீடுகளில் பல கடைத்தெருவில் இன்னமும் நிற்கின்றன, கீழே மருந்துக்கடை, மேலே துணி உலர்கிறது. யாரும் கயிறு கட்டித் தடுக்கவில்லை, சீட்டும் கேட்கவில்லை.

குடியேறியவர்களில் முக்கியமானவர்கள் கடிகாரக்காரர்கள். ஜெனீவாவில் பிறந்து வளர்ந்தும் முழுக் குடியுரிமை இல்லாத ஒரு கூட்டம் இருந்தது, 1770இல் அங்கே கலவரம் வந்தபோது பலர் இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். எல்லோரும் புராட்டஸ்டண்ட். இவர் தன் காசைப் போட்டுப் பட்டறை வைத்துக் கொடுத்தார், தங்கம் கிடைக்க ஏற்பாடு செய்தார், அப்புறம் எழுபத்தைந்து வயதில் விற்பனைப் பிரதிநிதி வேலையும் பார்த்தார். ஐரோப்பாவில் தெரிந்த தூதர், மந்திரி, சீமான் ஒருவர் விடாமல் 'எங்கள் ஊர்க் கடிகாரம் ஜெனீவாவை விட மலிவு' என்று கடிதம். கத்தரீன் கொஞ்சம் அனுப்புங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேட்டதற்கு மேல் ஒரு மூட்டை அனுப்பிவிட்டு, கைவினைஞர்கள் ஆர்வத்தில் கூடுதலாகச் செய்துவிட்டார்கள் என்று சமாளித்தார். பேரரசி பணத்தைக் கொடுத்துவிட்டார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் ஒரே தெருவில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள், யார் எந்த மதம் என்றே தெரியவில்லை என்பதுதான் அவர் அதிகம் பீற்றிக்கொண்ட விஷயம். காலாஸ் நடந்து பத்து வருஷம்கூட ஆகாத நாட்டில் அது பீற்றிக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

பட்டும் உண்டு. மாளிகையில் நாடகக் கொட்டகை ஒன்று இருந்தது, அவர் எழுதின நாடகத்தில் அவரே நடித்து, மற்றவர்கள் சரியாக அழவில்லை என்று கத்துவாராம். பிறகு அதே கொட்டகையில் பட்டுப்புழு வளர்த்தார். 1769இல் அந்த நூலில் ஒரு ஜோடி காலுறை நெய்து பெரிய மந்திரி ஷ்வாசேலின் மனைவிக்கு அனுப்பினார், காலாஸின் மகனும் நானும் சேர்ந்து செய்தது என்று கடிதத்தோடு. அந்த வரியைப் படித்த பிறகு காலுறை வெறும் காலுறையாக இல்லை எனக்கு. அப்பனைச் சக்கரத்தில் கொன்றார்கள், மகன் இங்கே பட்டு நெய்கிறான்.

உப்புக் கதை சுருக்கமாக. அரசாங்கம்தான் உப்பு விற்கும், வாங்கியே ஆக வேண்டும், வரி வசூலிப்பவர்கள் வீடு புகுந்து சோதிப்பார்கள். ஜெக்ஸ் வட்டாரம் ஆண்டுக்கு 30,000 லிவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு) மொத்தமாகக் கட்டிவிடும், ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று நிதி மந்திரி துர்கோவிடம் பேசிப் பேசி 1775 டிசம்பரில் முடித்தார். 81 வயதில், குளிரில், தானே வண்டியேறி ஜெக்ஸுக்குப் போய் அறிவித்தார். ஜனங்கள் கூடிக் கத்தின சத்தம்தான் அவருக்குக் கிடைத்த கைதட்டல்களிலேயே பெரியதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இத்தனைக்கும் காசு எங்கிருந்து வந்தது? கடன் கொடுத்து வட்டி வாங்கியதிலிருந்து, கப்பல் வியாபாரத்திலிருந்து, பிரெஞ்சு இந்தியக் கம்பெனிப் பங்குகளிலிருந்தும். எங்கள் ஊர்ப் பணமும் இந்தத் தெருக்கல்லில் கொஞ்சம் இருக்கிறது.

மே 25, ஞாயிறு

மறுபடி மாளிகைக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளே போகவில்லை, தோட்டம் மட்டும்.

வாசலருகே அவர் கட்டிய சின்னத் தேவாலயம். பழையது பார்வையை மறைக்கிறது என்று இடித்துவிட்டார், பாதிரியார்கள் வழக்குப் போட்டார்கள், சரி என்று புதிதாகக் கட்டிக் கொடுத்தார். முகப்பில் லத்தீனில் மூன்றே சொல்: தேவனுக்கு எழுப்பினவர் வால்டேர், வருஷம் 1761. மற்ற கோயிலெல்லாம் ஏதாவது ஒரு புனிதருக்கு, இது ஒன்றுதான் நேராகக் கடவுளுக்கு என்று சொல்லிக்கொண்டாராம். எழுத்தை எண்ணினேன். லத்தீனில் தேவனுக்கு மூன்று எழுத்து, தனக்கு எட்டு. பக்கச் சுவரை ஒட்டிப் பிரமிடு மாதிரி ஒரு கல்லறை, பாதி உள்ளே பாதி வெளியே. உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று போக்கிரிகள் கேலி செய்வார்கள் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அதுவும் காலிதான்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் சார்ம் மரங்களை இரண்டு பக்கமும் நட்டு வளைத்து ஒரு பச்சைக் குகை மாதிரிப் பாதை. அதற்குள் நுழைந்தால் வெயில் துண்டு துண்டாக விழுகிறது, கீழே போன வருஷத்து இலை, காலில் மெத்தென்று. இதற்குள் நடந்துகொண்டே செயலாளர் வாஞ்ஞேருக்குச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவாராம். கடைசிவரை நடந்து திரும்பினேன், மூன்று தடவை. மேகம் விலகினபோது தென்கிழக்கே தூரத்தில் மோன் பிளான் சிகரம் ஒரு நிமிஷம் தெரிந்தது, கைப்பேசியை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். அதைத்தான் கீழே எழுதுகிறேன், பாதி அவர் சொன்னது, பாதி நான் அப்புறம் படித்தது.

1760இல் இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்ற அதிகாரி வால்டேரிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பெயர் எசூர் வேதம். வியாசரும் சுமந்துவும் பேசிக்கொள்கிற மாதிரி பிரெஞ்சில் எழுதியது, கடவுள் ஒன்றே, சிலை வேண்டாம் என்று சுமந்து திருத்துகிறார். வால்டேர் துள்ளிக் குதித்துவிட்டார். அலெக்சாந்தர் காலத்துக்கும் முந்திய நூல், கிறிஸ்தவர்களுக்கு முன்னாலேயே இந்தியர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள் பார் என்று போகிற இடமெல்லாம் எழுதினார், பிரதியை 1761இல் அரச நூலகத்துக்கே கொடுத்தார். கடைசியில் பார்த்தால் அது வேதமே இல்லை, மதம் மாற்றுவதற்காகப் பாதிரிமார் தரப்பில் செய்த நூல். வாழ்நாள் முழுக்கப் பாதிரிகளைக் கிண்டல் செய்தவர் பாதிரி எழுதினதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இதை ஆதாரத்தோடு உடைத்தவர் யார் தெரியுமா? நம் எல்லீசன் துரை, திருக்குறளுக்கு உரை எழுதின அதே எல்லிஸ். பாண்டிச்சேரியில் இயேசு சபையாரிடமிருந்த பிரதிகளை நேரில் பார்த்து எழுதினார், அவர் இறந்த பிறகு 1822இல் அது அச்சானது. இதைச் சொல்லும்போது அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

லாலிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

1758 ஏப்ரலில் வந்து இறங்கினார் லாலி. வந்த வேகத்தில் தஞ்சாவூர் ராஜாவிடம் பணம் பிடுங்கப் போகிறேன் என்று கிளம்பி, வழியில் கீழ்வேளூர்க் கோயிலைத் தோண்டிப் புதையல் தேடினார், பிராமணர் சிலரை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். மூட்டை தூக்க ஆள் இல்லை என்று பாண்டிச்சேரி ஜனங்களைச் சாதி பார்க்காமல் பிடித்துச் சுமக்க வைத்தார், அதாவது யாரையும் மதிக்காமல். சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றார், 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார், 1761 ஜனவரி 16இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது, ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அதைப் பார்க்காமல் சில நாள் முன்னால்தான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார்.

பிரான்சில் தோல்விக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அரசனுக்குத் துரோகம் என்று வழக்கு, 1766 மே 9இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். பேசிவிடக் கூடாது என்று வாயில் துணி அடைத்து வண்டியில் கொண்டுபோனார்கள். வால்டேருக்கு லாலியை 1745இலிருந்தே தெரியும், கோபக்காரன், முரடன் என்றும் தெரியும். துரோகி இல்லை என்பதுதான் அவர் பேச்சு. முரட்டுத்தனத்துக்கும் தோல்விக்கும் தலையை வெட்டுவதா? 1773இல் இந்தியாவைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார், பாதி அந்த வழக்கு. லாலியின் மகன் மேல்முறையீடு செய்ய, கூடவே நின்றார்.

"நல்லவனுக்காக யாரு வேணும்னாலும் எழுதுவாங்கம்மா," என்றார் அப்பா. "காலாஸ் பாவம், அப்பாவி. லாலி அப்படியா? நம்ம ஊர நாசம் பண்ணின ஆளு. அவனுக்கும் சரியான வெசாரணை வேணும்னு கேட்டாரு பாரு, அங்கதான் எனக்கு அவரு பெரிய மனுஷன்."

எனக்கு அப்படி உடனே ஒத்துக்கொள்ள முடியவில்லை. கீழ்வேளூரில் பீரங்கி வாயில் கட்டினவர்களுக்கு எந்த வழக்கு நடந்தது? அவர்கள் பெயர்கூடத் தெரியாது. அவர்களுக்காக ஃபெர்னேயிலிருந்து எத்தனை கடிதம் போனது? அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுவும் சரிதான்," என்றார்.

"லாலி பேரு அங்க எங்கயாவது போட்டிருக்கா?"

"என் கண்ணுல படலப்பா. காலாஸ் இருக்கு."

"இங்க தெருவே இருக்கு."

இருக்கிறது. லாலி தொலாந்தால் வீதி. பள்ளிக்கூடம் விட்டு டியூஷனுக்குப் போன தெரு அது, சைக்கிள் செயின் கழன்று அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் எத்தனையோ தடவை உட்கார்ந்து மாட்டியிருக்கிறேன். யார் இந்த லாலி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மே 26, திங்கள்

பெட்டியை மூட முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. பாலாடைக்கட்டியின் வாசனை நாலு பிளாஸ்டிக் பையைத் தாண்டி என் பட்டுப்புடவை வரை போய்விட்டது. விடுதிக் கதவு அட்டை கடைசி நாளும் சதி செய்தது, கீழே போய்ச் சொன்னதற்கு வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை வரவில்லையே என்றார்கள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சிலைக்கு எதிரில் காபி குடித்துக்கொண்டு தேதியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1778 மே 26. பாரிஸில் வால்டேர் சாகக் கிடக்கிறார், நினைவு வந்து வந்து போகிறது. லாலி மேல் போட்ட தீர்ப்பை அரசரின் சபை ரத்து செய்துவிட்டது என்று சேதி வருகிறது. எழுந்து உட்கார்ந்து லாலியின் மகனுக்கு இரண்டு வரி சொல்லி எழுத வைத்தார்: சாகிறவன் இந்தச் சேதி கேட்டு உயிர் பெறுகிறான், நிம்மதியாகச் சாவான் என்று. அவருடைய கடைசிக் கடிதம் என்று சொல்கிறார்கள். நாலு நாளில் போய்விட்டார். அந்த ரத்தோடு எதுவும் முடியவில்லை, மறுவிசாரணை வேறு நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் இழுத்தது, அது அவருக்குத் தெரியாது.

இன்றைக்கு அதே தேதி என்று அப்பாவுக்குச் சொன்னேன். அங்கே மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல, அம்மா பின்னால் ரசம் போடட்டுமா என்று கேட்கிற சத்தம்.

"அப்படியா?" என்றார். "நாளைக்குக் காலைல நடக்கப் போறப்ப அந்தத் தெரு வழியாவே கடற்கரைக்குப் போறேன்."